பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகளின் வில்லுப்பாட்டு பாதியில் நின்று போனது. மாலை ஆறரை மணி, வெளியே மூடுபனி. கரண்ட் போயிற்று. வடக்கே குடியிருக்கும் நமக்கு இது என்ன புதிதா? "இன்வெர்ட்டர் இருக்கிறது, யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்று செயலாளர் மைக்கில் சொன்னார். சொல்லி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, மைக்கும் போயிற்று, மேடை விளக்கும் போயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு வாண்டு இருட்டில் அழ ஆரம்பித்தது. பிறகு எல்லோரும் கைப்பேசி விளக்கைத் தூக்கிப் பிடிக்க, மிச்சக் கதையைக் குழந்தைகள் மைக் இல்லாமலேயே பாடி முடித்தார்கள். கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மாடிப்படிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். கரண்ட் வந்திருந்தது. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் நலம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு பேட்டரிகளின் மூடிகளைத் திறந்தேன். மூன்றில் தண்ணீர் குறைவு. நான்காவதில் ஓர் அறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈயத் தகடுகள் வறண்டு வெளுத்துக் கிடந்தன. "பச்சை விளக்கு எரிந்ததே சார்!" என்றார் நம் பொருளாளர். ஏதோ அந்த விளக்கே தன்னை ஏமாற்றிவிட்டது போல.

"நீங்கள்தான் மின்சாரக்காரர் ஆயிற்றே, இதைப் பற்றி நம் இதழில் எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்கள். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பச்சை விளக்கை நான் இதற்கு முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இதை எழுத முடியவில்லை.

*

நம் வீட்டு பேட்டரி கரண்ட் போனால் மின்விசிறியைச் சுற்றுவதற்கு. துணை மின்நிலையத்துக்கு எதற்கு பேட்டரி? அங்கேதான் லட்சக்கணக்கான வோல்ட் வந்து இறங்குகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே கேட்டது.

ஒரு மின்பாதையில் மரக்கிளை விழுகிறது, அல்லது கம்பி அறுந்து தரையைத் தொடுகிறது என்று வையுங்கள். சில நொடிகூடத் தாமதிக்காமல் அந்தப் பாதையைத் துண்டித்தாக வேண்டும். கோளாறை உணர்வது ரிலே, துண்டிப்பது பிரேக்கர். ரிலே "வெட்டு" என்று சொன்னதும் பிரேக்கருக்குள் இருக்கும் ட்ரிப் காயில் என்ற சின்னச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும். அது உயிர் பெற்றால்தான் உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு பிரேக்கர் திறக்கும். இந்தச் சுருளுக்கான மின்சாரத்தை அதே மின்பாதையிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? கோளாறு வந்த கணத்தில் அங்கே வோல்டேஜ் சரிந்துவிடும். வீடு பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டியை அந்த வீட்டுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்த கதைதான். அதனால்தான் தனியாக ஓர் அறை, அதில் வரிசையாக 2 வோல்ட் செல்கள். 110 வோல்ட் என்றால் 55 செல், 220 வோல்ட் என்றால் 110 செல். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி.

இந்தச் சங்கிலியோடு இணையாக ஒரு சார்ஜர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நிலையத்தின் அன்றாடத் தேவைகளான பானல் விளக்குகளுக்கும் ரிலேக்களுக்கும் வேண்டிய நேர்மின்சாரத்தை உண்மையில் சார்ஜர்தான் கொடுக்கிறது. பேட்டரி சும்மா நிரம்பி நிற்கிறது. கட்டுப்பாட்டு அறையில் மாட்டியிருக்கும் வோல்ட் மீட்டர் காட்டுவதும் பெரும்பாலும் சார்ஜரின் வோல்டேஜையே. 55 செல்லில் ஒரு செல் உள்ளுக்குள் அறுந்து போய் சங்கிலி துண்டாகிக் கிடந்தாலும் மீட்டர் முள் அசையாது. பச்சை விளக்கு அணையாது. மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம். என்றைக்குக் கோளாறு வந்து சார்ஜருக்கு வரும் கரண்டும் சரிகிறதோ, அன்றைக்குத்தான் பேட்டரியைக் கூப்பிடுகிறோம். அன்றைக்குத்தான் அது இல்லை என்று தெரிகிறது.

*

எண்பதுகளின் நடுவில், இன்று சத்தீஸ்கர் என்றும் அன்று மத்தியப் பிரதேசம் என்றும் இருந்த பகுதியில், ஒரு 132 கிலோவோல்ட் நிலையத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். ஊர் பெயரும் வாரியத்தின் பெயரும் வேண்டாம். மொழி தெரியாது. ரொட்டி இறங்காது. அங்கே எனக்குக் கிடைத்த ஒரே தமிழ்க்குரல் பேட்டரி அறையைப் பார்த்துக்கொண்ட சேலத்துக்காரர் ஒருவருடையது. கட்டுமான வேலைக்கென்று இருபது வயதில் வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஆபீசில் எல்லோர் முன்பும் என்னை "சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சோறும் புளிக்குழம்பும் போடும்போது "தம்பி". நான் எங்கேயும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன்.

அண்ணனுக்குக் காக்கிச் சட்டையில் எப்போதும் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். ஆசிட் தெறித்த ஓட்டைகள். "ஈ அரிச்ச மாதிரி இருக்குன்னு உங்க அண்ணி திட்டறா" என்பார். காலையில் வந்ததும் பேட்டரி அறையின் எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே நின்று பீடி குடிப்பார். உள்ளே ஒருநாளும் தீக்குச்சி கிழித்ததில்லை. சார்ஜ் ஆகும்போது செல்லிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். இந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்தில் தெரியும். அவருக்கு மூக்கில் தெரியும்.

பிறகு ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு 1-ஆம் செல்லிலிருந்து ஆரம்பிப்பார். ஆசிட்டின் அடர்த்தி எண், தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதைக் காட்டும். எங்கள் செல்களுக்கு 27 டிகிரி வெப்பத்தில் 1.200 இருக்க வேண்டும். அண்ணனின் ரிஜிஸ்டரில் அந்த எண்கள் 1.195, 1.205, 1.190, 1.200 என்று ஏறியும் இறங்கியும் இருக்கும். "எல்லாத்துக்கும் ஒரே நம்பர் வராதா அண்ணே?" என்று கேட்டிருக்கிறேன். "அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு? எது எப்படி மாறுதுன்னு பாக்கத்தான் இதை எழுதறது. இந்த இருபத்தெட்டைப் பாருங்க, ஆறு மாசமா எறங்கிக்கிட்டே வருது. இவன் மேல ஒரு கண்ணு வேணும்."

இன்னொன்றும் செய்வார். மாதத்தில் ஒரு நாள், லோடு குறைந்த மத்தியான நேரம் பார்த்து, கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிட்டு, சார்ஜரின் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார். அவசர விளக்குகளைப் போடச் சொல்வார். சார்ஜர் விலக விலக பேட்டரி அந்தச் சுமையைத் தோளில் வாங்க வேண்டும். மீட்டரில் முள் மறுபக்கம் சாய்ந்து, பேட்டரியிலிருந்து ஆம்பியர் புறப்படுவதைப் பார்த்ததும், "ஆச்சு, சங்கிலி முழுசா இருக்கு" என்று சார்ஜரைப் பழையபடி ஏற்றிவிடுவார். எந்த நடைமுறைக் கையேட்டிலும் அன்று அது இல்லை. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. "ஷிஃப்ட் ஆபரேட்டர்களே பார்த்துக்கொள்வார்கள், பொறியாளர் மாதம் ஒரு முறை சரிபார்த்துக் கையெழுத்திடுவார்" என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தப் பொறியாளர் நான்தான்.

முதல் மாதம் ஹைட்ரோமீட்டரோடு போனேன். 55 செல்லையும் பார்த்து முடிக்க ஒரு முழுக் காலைப் பொழுது போயிற்று. இரண்டாம் மாதம் 10 செல்லைப் பார்த்தேன். மூன்றாம் மாதம் பட்ஜெட் வேலை. கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். நாற்றமில்லை, சத்தமில்லை. மீட்டர் 121 வோல்ட் காட்டியது, பச்சை விளக்கு எரிந்தது. ரிஜிஸ்டரில் 1.200 என்று எழுதி, கீழே 54 'டிட்டோ' போட்டுக் கையெழுத்திட்டேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் அப்படியேதான்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, 33 கிலோவோல்ட் ஃபீடர் ஒன்றில் நிலையத்துக்கு வெகு பக்கத்திலேயே மரம் சாய்ந்தது. ரிலே உணர்ந்தது. ட்ரிப் காயிலுக்குப் போக வேண்டிய மின்சாரம் போகவில்லை. ஃபீடர் பிரேக்கர் திறக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரேக்கர் திறக்க வேண்டும். ஆனால் அதற்கும் அதே பேட்டரிதான். ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் பையனுக்கு இருபத்துநாலு வயது, பிலாஸ்பூர் பக்கத்துக் கிராமம். கண்ட்ரோல் ரூம் இருண்டதும், வெளியே டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதைக் கேட்டுவிட்டு, மழையில் யார்டுக்குள் ஓடியிருக்கிறான், பிரேக்கரைக் கையால் திறக்க. அவன் போய்ச் சேர்வதற்குள் டிரான்ஸ்ஃபார்மரின் புஷிங் வெடித்து எண்ணெய் பற்றிக்கொண்டது. தொலைவில் இருந்த நிலையத்தில் லைனை வெட்டிய பிறகுதான் எல்லாம் அடங்கியது. பையனுக்கு இரண்டு முன்கைகளும் வெந்து போயின. உயிர் பிழைத்தான்.

விடிந்த பிறகு பேட்டரி அறைக்குள் போனோம். 37-ஆம் செல். பாசிட்டிவ் முனையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. மூடி மேலே தள்ளியிருந்தது. தண்ணீர் மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. உள்ளே ஈயத்தண்டு அரித்து, கையால் ஆட்டினால் ஆடியது. கருவி எதுவும் தேவையே இல்லை. உள்ளே போய் அந்த வரிசையில் ஒரு நடை நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டினார். அண்ணனின் பக்கங்கள் ஏறி இறங்கின. என் பக்கங்கள் கோடு போட்டது போல நேராக இருந்தன. மாதாமாதம் 55 செல்லிலும் 1.200. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அறிக்கையில், 'ஷிஃப்ட் ஆபரேட்டர் பேட்டரியை அன்றாடம் கவனிக்கத் தவறினார்' என்று இருந்தது. பையனுக்கு இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம். கைக்கட்டு அவிழ்வதற்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றல். எனக்கு ஒன்றும் இல்லை. மறு வருடம் பதவி உயர்வு வந்தது. நானும் வாய் திறக்கவில்லை.

*

இதை ஏன் இத்தனை காலம் கழித்துச் சொல்கிறேன் என்றால், சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். ஒஹாயோ மாநிலம். மாப்பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஊர் மின் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறவர். நானும் அந்தத் தொழில்தான் என்று தெரிந்ததும் ஒரு சனிக்கிழமை காபிக்கு வந்துவிட்டார். என்ன வேலை என்று கேட்டேன். "பேட்டரியைப் பார்த்தோம் என்று நிரூபிக்கும் வேலை" என்றார் சிரித்துக்கொண்டே. பேட்டரியைப் பார்க்கும் வேலை அல்ல. பார்த்ததை நிரூபிக்கும் வேலை! எனக்குக் காபி தொண்டையில் நின்றது.

அவர் சொன்ன கதை 2003-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி மாலை அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் இருண்டன. ஏறத்தாழ 5 கோடிப் பேர். ஆரம்பித்தது ஒஹாயோவில்தான், வளர்ந்த மரங்களில் மின்பாதைகள் பட்டன. ஆனால் அதைவிட முக்கியமானது, ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அமைப்பு சத்தமில்லாமல் செயலிழந்திருந்தது. செயலிழந்ததே ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கிருந்தவர்களுக்குத் தெரியாது. திரையில் அலாரம் ஏதும் இல்லை, ஆகவே எல்லாம் நலம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அன்று பேட்டரி குற்றவாளி இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதுவும் ஒரு பச்சை விளக்காகவே பட்டது.

அதுவரை அந்த நாட்டில் மின்தொடர் நம்பகத்துக்கான விதிகள் நிறுவனங்கள் மனமுவந்து கடைப்பிடிப்பவையாக இருந்தன. 2005-ல் சட்டம் வந்தது. நெர்க் என்று சுருக்கி அழைக்கப்படும் வட அமெரிக்க மின் நம்பக அமைப்பின் விதிகள் 2007 ஜூன் முதல் கட்டாயமாயின. மீறினால் ஒரு மீறலுக்கு, ஒரு நாளுக்கு, 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. விலைவாசிக்கு ஏற்ப அந்த வரம்பை அதற்குப் பிறகு உயர்த்தியும் இருக்கிறார்கள். அந்த விதிகளில் ஒன்றுக்குப் பெயர் பி.ஆர்.சி.-005. ரிலே, ட்ரிப் சுற்று இவற்றோடு நிலைய பேட்டரியையும் எத்தனை நாளுக்கு ஒரு முறை, என்னென்ன பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2013 டிசம்பரில் அமெரிக்க மத்திய ஆணையம் ஒப்புதல் தந்த திருத்தத்திலிருந்து, இந்த இடைவெளிகள் அட்டவணையாகவே விதிக்குள் வந்துவிட்டன.

அவர் வெற்றுப் படிவம் ஒன்றைக் காட்டினார். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் ஈய-ஆசிட் பேட்டரி என்றால், 4 மாதத்துக்கு ஒரு முறை வோல்டேஜ், தண்ணீர் மட்டம், எங்காவது பூமியோடு ஒட்டுகிறதா என்ற சோதனை. 18 மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு செல்லையும் கண்ணால் பார்க்க வேண்டும், செல்லுக்குச் செல் இணைப்பின் தடையை அளக்க வேண்டும், செல்களைத் தாங்கும் ஸ்டாண்டைப் பார்க்க வேண்டும். அதே பட்டியலில் ஒரு வரி: 'பேட்டரியின் தொடர்ச்சி'. சங்கிலி அறுந்திருக்கிறதா இல்லையா என்பது! எங்கள் சேலத்து அண்ணன் மாதாமாதம் மத்தியானத்தில் செய்ததை அமெரிக்கச் சட்டம் அட்டவணையில் எழுதி வைத்திருந்தது.

அதோடு, பேட்டரி சுமை தாங்குமா என்று தெரிய இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, 6 ஆண்டுக்கு ஒரு முறை நிஜமாகவே சுமை கொடுத்து வடித்துப் பார்ப்பது. பொதுவாக, சொன்ன கொள்ளளவில் நூற்றுக்கு 80-க்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது தொழில் வழக்கு. இன்னொன்று, 18 மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு செல்லின் உள்தடையை அளந்து, அது புதிதாக இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடுவது. பக்கத்து வீட்டுக்காரரின் ரத்த அழுத்தத்தோடு நம்முடையதை ஒப்பிட்டு என்ன பயன்? நம் பழைய அளவோடுதானே ஒப்பிட வேண்டும். அதுபோல.

ஒரு வேடிக்கை. 'மெயின்டெனன்ஸ் ஃப்ரீ' என்று விற்கிறார்களே, மூடி திறக்க முடியாத சீல்டு பேட்டரி, அதற்கு இடைவெளி இன்னும் குறைவு. உள்தடை அளவு 6 மாதத்துக்கு ஒரு முறை. வடிக்கும் சோதனை 3 ஆண்டுக்கு ஒரு முறை. பராமரிப்பே வேண்டாம் என்று பெயர் வாங்கிய பேட்டரிக்குத்தான் அதிகக் கவனம் கேட்கிறது சட்டம். உள்ளே வறண்டாலும் வெளியே தெரியாதல்லவா?

இத்தனை நிலையங்களுக்கு இத்தனை முறை ஆள் அனுப்பக் கட்டுப்படியாகாது என்பதால் பேட்டரி மானிட்டர் என்ற கருவி வந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் ஒரு சிறு பெட்டி. வோல்டேஜ், உள்தடை, வெப்பம் எல்லாவற்றையும் அளந்து, தேதி நேரத்தோடு எழுதி, மாறினால் அலாரம் கொடுக்கும். இப்படி ஓயாமல் கண்காணித்தால், அந்தந்தச் சோதனைக்கு நேரில் போக வேண்டியதில்லை என்று விதியே சலுகை தருகிறது. ஆனால் அந்த அலாரம், நடவடிக்கை எடுக்கக்கூடிய ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். அந்த வழி சரியாக இருக்கிறதா என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. ஸ்டாண்டு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆள்தான் போக வேண்டும்.

"இதிலும் பொய் எழுதலாமே?" என்று மாப்பிள்ளை மூலம் கேட்டேன். எனக்குத்தானே அது தோன்றும். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுதலாம். ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் முதலில் தேடுவது, எல்லா செல்லுக்கும் ஒரே எண் போட்ட பக்கத்தைத்தான்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

*

நம் நாட்டில் எப்படி என்று அன்பர்கள் கேட்பீர்கள். 2012 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை 2.33-க்கு வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து சரிந்தன. டெல்லி மெட்ரோ நடுவழியில் நின்றது. கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்கள் மேலே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு நாளும் நம்மில் பலர் இங்கேதான் இருந்தோம். பினா - குவாலியர் பாதை அதிகச் சுமையில் அறுந்ததிலிருந்து தொடங்கியது என்று விசாரணைக் குழு சொன்னது. இங்கும் பேட்டரி குற்றவாளி இல்லை. ஆனால் அப்படி எல்லாம் இருண்ட பிறகு, ஒவ்வொரு நிலையமாக மறுபடி உயிர்ப்பிக்க வேண்டுமே, அதுவரை சார்ஜருக்கும் கரண்ட் கிடையாது. பிரேக்கரைத் திறக்க, மூட, அடுத்த நிலையத்தோடு பேச, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அறையில் இருக்கும் செல்கள்தான்.

ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச்சில் சுனாமி நீர் புகுந்து இரண்டு உலைகளின் பேட்டரிகளும் போனபோது, ஊழியர்கள் வெளியே நின்ற கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு வந்து மீட்டர்களுக்கு இணைத்தார்கள். உலைக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க! அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2012-க்குப் பிறகு பாதுகாப்புக் கருவிகளை வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும் என்று விசாரணைக் குழு வற்புறுத்தியது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய கிரிட் கோடு, ஆண்டுக்கொரு முறை சொந்தத் தணிக்கையும், 220 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வெளியார் தணிக்கையும் கட்டாயம் என்கிறது. நல்லது. இப்போது பெரிய நிலையங்களில் இரண்டு தொகுதி பேட்டரி, இரண்டு சார்ஜர் வைப்பதும் வழக்கமாகிவிட்டது. ட்ரிப் காயிலும் இரண்டு. எங்கள் காலத்து 55 செல் ஒற்றைச் சங்கிலி அங்கே இல்லை. ஆனால் அபராதம் என்று பார்த்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் ஒரு மீறலுக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய், தொடர்ந்தால் நாளுக்கு 6,000 ரூபாய் வரை என்றுதான் எழுதினார்கள். 10 லட்சம் டாலரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. என்றாலும், என் விஷயத்தில் அபராதத் தொகை எவ்வளவாக இருந்திருந்தாலும் அதைக் கட்டியிருக்கப் போவது அந்தப் பிலாஸ்பூர்ப் பையன்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

அவனைத் தேடிப் பார்த்தேன். ஓய்வு பெற்றபின் ஒரு முறை ராய்ப்பூர் போயிருந்தபோது பழைய சகாக்களிடம் விசாரித்தேன். மாற்றலான ஊரில் சில வருடம் இருந்தான், பிறகு வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. சேலத்து அண்ணனுக்கு அந்தச் சமயம் கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதினேன், ரிஜிஸ்டரைப் பற்றி எழுதவில்லை. 'முப்பத்தேழா? அவன் நல்லவனாச்சே தம்பி' என்று பதில் வந்தது. அது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

*

வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு. மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வழக்கமான விளக்கும் விசிறியும் ஓட, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பச்சை விளக்கை நம்ப வேண்டாம். மூடி உள்ள பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், குடிக்கும் தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும் கூடாது. ஆசிட் ஊற்றவே கூடாது. மே மாதச் சூட்டில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பேட்டரியின் ஆயுளும் குறையும். மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். நம்மவர் சிலர் வீட்டில் பூஜை அலமாரிக்கு அடியிலேயே இன்வெர்ட்டரைப் பார்த்திருக்கிறேன். விளக்கு ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

சங்கத்து மண்டபத்தில் பழுதான பேட்டரியை மாற்றியாயிற்று. மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆணியில் நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தொங்கவிட்டு, நூலில் பென்சிலும் கட்டியிருக்கிறேன். ஹைட்ரோமீட்டர் என்னுடையது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், கழுவி வைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் இருப்பேன். எனக்கு இப்போது குனிந்தால் முதுகு பிடிக்கிறது. இளைஞர்கள் இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும்.

நான்கு பேட்டரி, ஆளுக்கு ஆறு அறை, ஆக 24 எண்கள். போன ஞாயிறு வில்லுப்பாட்டுப் பாடிய குழந்தைகளில் ஒருத்தி தன் அப்பாவோடு வந்து, நான் படிக்கப் படிக்க எழுதினாள். 1.235, 1.240, 1.230, 1.240... பதினேழாவது அறை 1.205. "இது மட்டும் ஏன் தாத்தா கம்மியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்கு முன்பே அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டாள்.